செல்லின் நால்வகை மூலக்கூறுகளை நெல்லை அடுக்களையில் சோதித்தறியும் முறை

உயிருள்ள ஒரு செல்லின் எடையில் ஏறத்தாழ 70 விழுக்காடு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரையும் சிறிதளவு உப்புகளையும் ஒதுக்கிவிட்டால், மிஞ்சுவதில் பெரும்பகுதி கார்போஹைட்ரேட், லிப்பிட் (கொழுப்பு, எண்ணெய் வகை), புரதம், நியூக்ளிக் அமிலம் (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.) என்ற நான்கு வகைக் கரிமச் சேர்மங்களுக்குள் அடங்கிவிடும். தாமிரபரணிக் கரையில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்த ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. மாணவர்கள் இந்த நான்கின் பெயர்களையும் அவற்றின் அலகுகளையும் அட்டவணையாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் காலையில் தின்ற இட்லியில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் திகைத்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பைப் போக்குவதற்கு நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் பொருள்களே போதுமானவை. பள்ளியில் செய்துகாட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் வீட்டில் பிள்ளைகளுடன் செய்துபார்க்க விரும்பும் பெற்றோருக்கும் பயன்படும்படி அந்த முறைகளை இங்கே விளக்குகிறேன்.

எந்தப் பொருளை எடுத்தாலும், அது தண்ணீரோடு எவ்வாறு நடந்துகொள்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கரைகிறதா, ஊறிப் பருக்கிறதா, விலகி மிதக்கிறதா, கரைந்திருந்தது திரண்டு வெளியே வருகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இந்த மூலக்கூறுகள் கட்டப்படும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. உடையும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு உள்ளே நுழைகிறது. இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. ஃபிரக்டோஸின் எடையும் 180. இவ்விரண்டும் இணைந்து, நாம் சீனி என்று வழங்கும் சுக்ரோஸ் உருவாகும்போது எடை 360 ஆவதில்லை, 342தான் ஆகிறது. குறைந்துபோன 18 ஒரு நீர் மூலக்கூறின் எடை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய பிறகுதான் சோதனைக்குழாயைக் கையில் எடுப்பேன்.

முன்னேற்பாடு

மருந்துக்கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினையோ பொவிடோன் அயோடினையோ, இளந்தேநீரின் நிறம் வரும் வரை தண்ணீர் விட்டு விளாவி ஒரு சொட்டுக் குப்பியில் வைத்துக்கொள்ளவும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு குப்பியும், பாத்திரம் துலக்கும் திரவமும், கல்லுப்பும், ஆப்பச்சோடாவும், வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றும் தேவைப்படும். சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் கரைசலும், புரதத்தைக் கண்டறியும் பையூரெட் சோதனைக்கு வேண்டிய சோடியம் ஹைட்ராக்சைடும் மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலும் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு என்பது தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா ஆகையால், அதை ஆசிரியர் மட்டுமே ஊற்ற வேண்டும். மாணவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து விலகி நிற்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பு எரியும் அறையில் அதைத் திறக்கவே கூடாது. சோதனைக்கு எடுத்த எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் வெறும் தண்ணீரை வைத்து அதே சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாமல் நிறமாற்றத்தை நம்பக் கூடாது.

கார்போஹைட்ரேட்: கஞ்சி, வாழைக்காய், கருப்பட்டி, கோரை

முதலில் வடிகஞ்சியை எடுக்கலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 போன்ற குண்டரிசியை வடித்த கஞ்சியானால் இன்னும் நல்லது. இரண்டு கரண்டிக் கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீல நிறம் உடனே பரவும். அரிசியிலுள்ள தரசத்தின், அதாவது மாவுச்சத்தின், ஒரு பகுதியான அமைலோஸ், குளுக்கோஸ் அலகுகள் நூற்றுக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. அது கம்பிச்சுருள் போலச் சுருண்டிருக்கும். அயோடின் அந்தச் சுருளின் உட்குழிவுக்குள் போய் அமர்வதால்தான் அந்த நிறம் தோன்றுகிறது. இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கஞ்சியைச் சோதித்து, நிறம் வரவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். சூட்டில் சுருள் தளர்ந்துவிடுவதால் அயோடின் நிற்காது. கஞ்சி ஆறியதும் அதே குவளையில் நீலம் தானாகவே திரும்பி வரும். நான் இதைப் பிழை என்று திருத்திவிடாமல், சூடான கஞ்சியையும் ஆறிய கஞ்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதையே வழக்கமாக்கிக்கொண்டேன்.

அடுத்ததாக வாழை. ஒரே சீப்பிலிருந்து நாள் ஒரு காயாக எடுத்து, குறுக்கே மெல்லிய வில்லையாக அரிந்து, பீங்கான் தட்டில் வைத்து, ஒவ்வொரு வில்லையின் மேலும் அயோடினைப் பரவலாக விடவும். முதல் நாள் காயின் வில்லை முழுவதும் மையைக் கொட்டியதுபோல் கறுத்துவிடும். நாட்கள் செல்லச் செல்ல அந்தக் கருமை வெளிறி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு திட்டுகளாகச் சிதறி, தோலில் கரும்புள்ளி விழுந்த நன்கு பழுத்த பழத்தில் ஏறத்தாழ மறைந்தேவிடும். காயில் சேமிக்கப்பட்டிருந்த தரசத்தை, வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் நொதிகள் தண்ணீரைச் சேர்த்து உடைத்து இனிக்கும் சர்க்கரைகளாக்கிவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் அறியேன். ஏழெட்டு நாள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இந்த உடைப்பைக் கால் மணி நேரத்தில் காண வேண்டுமானால் நம் உமிழ்நீரே போதும். நீர்த்த கஞ்சியை மூன்று குவளைகளில் எடுத்து, ஒன்றில் தண்ணீரும், ஒன்றில் ஒரு கரண்டி உமிழ்நீரும், மூன்றாவதில் முன்பே கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீரும் சேர்த்து, கைபொறுக்கும் வெந்நீரில் நிறுத்தவும். பீங்கான் தட்டில் வரிசையாக அயோடின் சொட்டுகளை வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குவளையிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விட வேண்டும். உமிழ்நீர் சேர்த்த வரிசையில் நீலம் செம்பழுப்பாகி, பிறகு அயோடினின் சொந்த நிறத்திலேயே நின்றுவிடும். மற்ற இரண்டு வரிசைகளும் கடைசி வரை நீலமாகவே இருக்கும். கொதித்த உமிழ்நீர் ஏன் வேலை செய்யவில்லை என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். அதற்கான விடை புரதத்தில் இருப்பதால், அதை அப்போதைக்குச் சொல்லாமல் வைத்திருப்பது நல்லது.

சர்க்கரைகளுக்கு வருவோம். இரண்டு மில்லிலிட்டர் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டு மாதிரியை விட்டு, கொதிநீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினால், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற ஒற்றைச் சர்க்கரைகள் நீலத்தைப் பச்சையாகவும் மஞ்சளாகவும் இறுதியில் செங்கல் நிறமாகவும் மாற்றும். சுக்ரோஸ் அவ்வாறு மாற்றாது. ஒருமுறை இதைச் சொல்லிவிட்டு, கருப்பட்டியும் பெரும்பாலும் சுக்ரோஸ்தானே என்ற நினைப்பில் கருப்பட்டித் தண்ணீரை வகுப்பில் சூடாக்கினேன். நீலம் மஞ்சளாகி ஆரஞ்சில் வந்து நின்றது. சீனிக் கரைசலோ நீலமாகவே இருந்தது. அன்று விடை சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் பனங்காட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. உடன்குடி, திசையன்விளைப் பக்கத்தில் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிய பிறகே பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் வந்து சேரும் ஈஸ்ட்டுகள், சுக்ரோஸை நீர் சேர்த்துக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்து, அவற்றைச் சாராயமாக்கிவிடும், பதனி கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த உடைப்பை அடக்கினாலும் முற்றிலும் நிறுத்துவதில்லை. காய்ச்சும் சூடும் சிறிது உடைக்கிறது. ஆகவே கருப்பட்டியில் ஒற்றைச் சர்க்கரைகள் சிறிதளவு இருந்தே தீரும். சீனிக் கரைசலில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து, நுரை அடங்கும் வரை ஆப்பச்சோடா தூவிப் புளிப்பைப் போக்கிய பிறகு பெனடிக்ட் சோதனையைச் செய்தால், அதுவும் நிறம் மாறும். சுக்ரோஸ் உடைந்ததை இவ்வாறு கையாலேயே மெய்ப்பிக்கலாம்.

இனி பத்தமடைப் பாயில் ஓர் இழையை எடுத்து அதன்மேல் அயோடின் விடவும். வெறும் தேநீர்க் கறைதான் விழும். கோரையின் உடம்பை ஆக்கியிருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் அதில் அலகுகள் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி இணைந்திருப்பதால் சங்கிலி சுருளாமல் நேராக நிற்கிறது. பக்கத்துச் சங்கிலிகளோடு நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால் இடையில் தண்ணீர் புகுந்து அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. கோரையை ஆற்று நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டாலும் அது கரையாமல் மெல்லிய இழையாகக் கீறிவருவதற்கு இதுவே காரணம். ஒரே அலகு, இணைப்பில் மட்டும் வேறுபாடு. ஒன்று சோறாகிறது, மற்றொன்று பாயாகிறது. மாடு வைக்கோலைத் தின்று செரிப்பதுகூட அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உதவியால்தான்.

அல்வாவுக்குப் பால் எடுக்கும்போது

திருநெல்வேலி அல்வாவைச் செய்யும் முறையே இரண்டு மூலக்கூறுகளைப் பிரிக்கும் ஆய்வகச் சோதனை என்று நான் உறுதியாகச் சொல்வேன். சம்பாக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, துணியில் பிழிந்து பால் எடுக்கிறோம். பாலை அசைக்காமல் வைத்தால் அடியில் வெண்மையாகப் படிவது தரசம். துணியில் மிஞ்சும் பிசுபிசுப்பான திப்பியில் உமியோடு சேர்ந்து கிடப்பது குளூட்டன் என்ற புரதம். இத்தாலி நாட்டின் போலோன்யாவைச் சேர்ந்த பெக்காரி, கோதுமை மாவைத் தண்ணீரில் கழுவி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய கட்டுரை 1745ஆம் ஆண்டு அச்சேறியது. நம் அடுக்களைகளில் அல்வாவுக்காகப் பால் பிழிபவர்கள் செய்வதும் அதே வேலைதான்.

அரைப்பதற்கு நேரமில்லாதவர்கள் ஒரு கைப்பிடிக் கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாகப் பிசைந்து கழுவவும். தண்ணீர் பாலாகும்; உருண்டை சிறுத்துக்கொண்டே வரும். நான்கைந்து முறை தண்ணீரை மாற்றியபின் கையில் மிஞ்சுவது சாம்பல் நிறத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ரப்பர் போன்ற ஒன்று. கழுவிய தண்ணீரில் அயோடின் விட்டால் கருநீலம். கையிலிருக்கும் உருண்டையில் விட்டால் அங்கங்கே புள்ளிகளாக மட்டுமே நீலம். தரசத்தைத் தண்ணீர் எடுத்துச் சென்றுவிட்டது, தண்ணீரில் கரையாத புரதம் கையோடு தங்கிவிட்டது என்பதை விரல்களே உணர்ந்துகொள்ளும்.

புரதம்: ஏன் மடிகிறது, ஏன் குலைகிறது

அந்த உருண்டையில் சிறிது கிள்ளி, இரண்டு மில்லிலிட்டர் பத்து விழுக்காட்டுச் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, ஒரு விழுக்காட்டு மயில்துத்தக் கரைசலைச் சில சொட்டுகள் விட்டால் ஊதா நிறம் தோன்றும். இதுவே பையூரெட் சோதனை. அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளோடு செம்பு அயனி சேர்வதால் இந்த நிறம் வருகிறது. தனித்தனி அமினோ அமிலங்கள் இதைத் தருவதில்லை. முட்டை வெள்ளைக்கரு, ஊறவைத்து அரைத்த உளுந்து, ஆட்டுக்கால் சாறு ஆகியவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். ஆட்டுக்கால் சாறு ஆறினால் தட்டில் உறைந்து நிற்பதற்குக் காரணம் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன். அந்தப் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்ற அமைப்புடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். கொதிநீரில் அந்த முறுக்கு அவிழ்ந்து, ஆறும்போது இழைகள் தாறுமாறாகப் பின்னித் தண்ணீரைச் சிறைப்பிடிப்பதே நாம் காணும் உறைவு.

புரதங்களில் பொதுவாக 20 வகை அமினோ அமிலங்கள் வருகின்றன. அவற்றுள் சில தண்ணீரை விரும்புபவை, சில வெறுப்பவை. நீர் நிறைந்த செல்லுக்குள் ஒரு புரதச் சங்கிலி இருக்கும்போது, வெறுப்பவை உள்ளே பதுங்கவும் விரும்புபவை வெளியே நிற்கவும் ஏற்றபடி சங்கிலி மடிகிறது. அந்த மடிப்பின் வடிவமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. சூடோ புளிப்போ மடிப்பைக் கலைத்தால் வேலையும் போய்விடுகிறது. கொதித்த உமிழ்நீர் தரசத்தை உடைக்காமல் நின்றதற்கான விடை இதுதான்: உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி ஒரு புரதம், அதன் மடிப்பு சூட்டில் குலைந்துவிட்டது. வெள்ளைக்கரு வெந்து வெளுப்பதும், பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதும் இதே கதையின் வேறு பக்கங்கள்.

உளுந்தம்பருப்புச் சோற்றைப் பற்றி இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் அது நிறைவு. உளுந்தில் மெத்தியோனின் குறைவு. எள்ளில் அது நிறைவு. அரிசியும் உளுந்தும் சேர்த்து வடித்த சோற்றுக்கு எள்ளுத் துவையலைத் தொட்டுக்கொள்ளும் நெல்லை வழக்கத்தில், ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதைக் காணலாம். நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்களை உணவிலிருந்தே பெற வேண்டும் என்ற பாடத்தை நடத்துவதற்கு இந்த ஒரு தட்டுச் சோறு போதும்.

லிப்பிட்: விலகி நிற்பவை

லிப்பிட்டுகளைக் கண்டறிவது எளிது. வறுத்த நிலக்கடலையைக் காகிதத்தில் தேய்த்து, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வைத்து உலர விடவும். தண்ணீர்த் தடம் மறையும். எண்ணெய்த் தடம் ஒளி ஊடுருவும் கறையாக நிற்கும். இன்னும் உறுதி வேண்டுமானால், இடித்த கடலையை ஸ்பிரிட்டில் குலுக்கி, தெளிந்ததை மட்டும் தண்ணீரில் ஊற்றவும். கரைந்திருந்த கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்து பால்போல் வெளுக்கும். சிலவகை ஸ்பிரிட் தானாகவே கலங்கக்கூடும் என்பதால் வெறும் ஸ்பிரிட்டைத் தண்ணீரில் ஊற்றி முதலில் பார்த்துக்கொள்ளவும்.

மற்ற மூன்று வகைகளைப் போல லிப்பிட்டுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்படுவதில்லை. ஒரு கிளிசரால் மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்து, மூன்று நீர் மூலக்கூறுகளை வெளியேற்றி, நெய்யும் எண்ணெயும் உருவாகின்றன. மார்கழி விடியலில் தென்காசிப் பக்கத்து வீடுகளில் தேங்காயெண்ணெய் குப்பிக்குள் உறைந்து நிற்க, பக்கத்தில் நல்லெண்ணெய் அசைந்தாடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை நேரான வால் உடைய நிறைவுற்ற வகை. அவை நெருங்கி அடுக்கிக்கொள்வதால் சுமார் 24 பாகை செல்சியஸிலேயே உறைகின்றன. நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவற்றின் வாலில் இரட்டைப் பிணைப்பால் வளைவு விழுந்திருக்கிறது. வளைந்த வால்கள் அடுக்க இடம் கொடுப்பதில்லை.

செல்லுக்கு மிக இன்றியமையாத லிப்பிட் பாஸ்போலிப்பிட்தான். அதன் தலை தண்ணீரை விரும்புகிறது, இரண்டு வால்களும் வெறுக்கின்றன. தண்ணீரில் விடப்பட்டால் இவை வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு ஈரடுக்குப் படலமாக நிற்கின்றன. அந்தப் படலமே செல் சவ்வின் அடிப்படை. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்குதான்.

நியூக்ளிக் அமிலம்: ஈர்க்கில் சுற்றும் இழை

இந்தச் சோதனையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதில் முந்தைய மூன்றையும் ஒவ்வொன்றாகக் கடந்துதான் நான்காவதை எட்ட வேண்டியிருக்கிறது. ஸ்பிரிட்டை முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்துவிடவும். நன்கு பழுத்த நாட்டு வாழைப்பழத்தில் பாதியை நூறு மில்லிலிட்டர் தண்ணீருடன் கட்டியில்லாமல் மசிக்கவும். செல்லுலோஸ் சுவர்கள் இதில் கிழிகின்றன. அரைக் கரண்டி உப்பையும் இரண்டு கரண்டி பாத்திரம் துலக்கும் திரவத்தையும் சேர்த்து, நுரை எழாதபடி மெதுவாகக் கலந்து பத்து நிமிடம் வைக்கவும். லிப்பிட்டுகளாலான செல் சவ்வும் உட்கருச் சவ்வும் இதில் கரைந்து திறந்துகொள்கின்றன. பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி, வடிநீரில் ஒரு கரண்டி அன்னாசிச் சாற்றை விட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கவும். டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதங்களை அன்னாசியிலுள்ள நொதி அறுத்துவிடும். 1869ஆம் ஆண்டு டூபிங்கன் நகரில் ஃபிரீட்ரிக் மீஷர், காயத் துணிகளின் சீழிலிருந்து இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தபோது, புரதத்தைப் போக்கப் பன்றி இரைப்பையின் பெப்சின் என்ற நொதியைப் பயன்படுத்தினார். அன்னாசிச் சாறு நமக்கு அந்த வேலையைச் செய்கிறது.

வடிநீரை ஒரு குறுகிய கண்ணாடிக் குவளையில் கால் பங்கு எடுத்து, குளிர்ந்த ஸ்பிரிட்டை அதே அளவு, குவளையைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தின் வழியே மிக மெதுவாக வழியவிடவும். ஸ்பிரிட் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். இரண்டொரு நிமிடத்தில் இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் மேகம் போல ஒரு மங்கல் தோன்றி, அதிலிருந்து குமிழ்களைச் சுமந்தபடி வெண்ணிற இழைகள் மேலே எழும். டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னேற்றமே அதைத் தண்ணீரில் கரைந்திருக்கச் செய்கிறது. உப்பின் சோடியம் அந்த மின்னேற்றத்தை ஈடுசெய்து, ஸ்பிரிட் தண்ணீரை விலக்கும்போது, கரைந்திருந்தது திரண்டு வெளியே வந்துவிடுகிறது. இந்த இழைகளில் பழத்தின் செல் சுவரிலுள்ள பெக்டின் என்ற பொருளும் சிறிது புரதமும் ஆர்.என்.ஏ.வும் கலந்தே இருக்கும், தூய டி.என்.ஏ. என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது.

இழைகள் எழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் அதன் அமைப்பை விளக்கலாம். ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், நான்கு காரங்களுள் ஒன்று என்று சேர்ந்த நியூக்ளியோடைடுகளே இதன் அலகுகள். அவை கோத்த இரண்டு சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட ஏணி என்பது 1953ஆம் ஆண்டு வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட அமைப்பு. அதற்கு ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்ப் படங்கள் இன்றியமையாத சான்றாக இருந்தன. மனிதனின் ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வரும். அதில் எழுதியிருப்பதை ஆர்.என்.ஏ. படியெடுத்துச் செல்ல, ரைபோசோம் அதன்படி அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிறது. அந்த ரைபோசோமின் அமைப்பை விளக்கியதற்காகவே சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இழைகளை எடுப்பதற்குத் தென்னை ஈர்க்கு ஒன்றைக் கழுவித் துடைத்து, இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் இடத்தில் நுனியை நிறுத்தி, ஒரே திசையில் மெல்லச் சுருட்டவும். அவசரப்பட்டுக் கலக்கினால் இழைகள் துண்டாகித் திட்டுகளாக மிதக்கும். ஈர்க்கில் ஒட்டிக்கொண்டு வரும் வெண்சளி போன்ற பொருளைச் சிறு குப்பியில் இட்டு, மூழ்கும் அளவுக்கு ஸ்பிரிட் ஊற்றி, பழத்தின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டவும். குப்பி உட்புறம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; தண்ணீர் மிகுதியாகச் சேர்ந்துவிட்டால் அந்த இழை மறுபடியும் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.